எல்லாவற்றையும் சேமிப்பதா, கேட்டபோது நிறுத்திவைப்பதா? தகவல்தொடர்புப் பதிவுகள் பற்றி நிறுவனங்கள் எடுக்க வேண்டிய முடிவு

இணையச் சேவையோ தொலைபேசிச் சேவையோ செய்தி அனுப்பும் செயலியோ நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். வாடிக்கையாளர் யாரோடு, எப்போது, எங்கிருந்து தொடர்பு கொண்டார் என்ற பதிவுகளை, நாளைக்குக் காவல்துறைக்குத் தேவைப்படலாம் என்பதற்காக எவ்வளவு காலம் வைத்திருப்பது? பேசிய பேச்சையோ எழுதிய செய்தியையோ சொல்லவில்லை. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், எவ்வளவு நேரம் பேசினார், எந்தச் செல்போன் கோபுரம், எந்த ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) என்கிற வகைப் பதிவுகள் மட்டும்.

பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஜெர்மனியின் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்டே ஷ்பிட்ஸ் தன் தொலைபேசி நிறுவனத்திடம் போராடி வாங்கிய ஆறு மாதப் பதிவுகளில் 35,830 வரிகள் இருந்தன. 2011-இல் அவற்றை, அவர் பொதுவெளியில் எழுதியவற்றோடு சேர்த்து, ஒரு செய்தித்தளம் வரைபடத்தில் போட்டுக் காட்டியது. எந்த ஊருக்கு ரயிலில் போனார், எங்கே இரவு தங்கினார், எப்போதெல்லாம் போன் பேசினார் என்று ஒரு மனிதரின் அரை வருட வாழ்க்கை அப்படியே தெரிந்தது. இப்படிப்பட்ட ஒன்றை லட்சக்கணக்கான பேருக்குச் சேர்த்து நம் சர்வரில் வைப்பதா என்பதுதான் முடிவு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில், தொழில் நடத்தத் தேவையானதை மட்டும் குறுகிய காலம் வைத்துக்கொண்டு, முறையான கோரிக்கை வந்ததும் அந்த ஒருவருடைய பதிவை மட்டும் அழியாமல் நிறுத்திவைக்கும் வழிதான் சரி. சட்டம் கட்டாயப்படுத்துகிற இடத்தில் கேட்டதை மட்டும், கேட்ட காலத்துக்கு மட்டும், தனியாகப் பூட்டி வையுங்கள். ஏன் அப்படி என்பதற்கு ஒவ்வொரு வழியையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, எல்லோருடைய பதிவையும் நீண்ட காலம் வைப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த உத்தரவு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை என்றது. ஆஸ்திரேலியா 2015-இல் 2 ஆண்டு என்று சட்டம் போட்டது. இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது எளிமையான வாதம், அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. குற்றம் நடந்து பல மாதம் கழித்துத்தான் புகாரே வருகிறது; அதற்குள் பதிவு அழிந்துபோயிருந்தால் மிரட்டல் விடுத்தவனையும் குழந்தைகளைச் சீரழிப்பவனையும் எப்படிப் பிடிப்பது என்று விசாரணை அதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூடவே நிறுவனத்துக்குள் இருந்தே ஒரு குரல் வரும்: டிஸ்க் மலிவுதானே, எல்லாவற்றையும் போட்டு வைத்தால் போகிறது.

டிஸ்க் மலிவுதான், ஆனால் முதலில் அளவைப் பாருங்கள். ஐபிவி4 எனப்படும் பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துபோனதால் இன்றைக்குப் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. யார் எந்த நொடியில் அதைப் பயன்படுத்தினார் என்று தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு இணைப்பையும் பதிய வேண்டும். 2014-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7422 என்ற தொழில்நுட்ப ஆவணத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: சராசரி வீடு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 33,000 இணைப்புகளை உண்டாக்குகிறது, ஒரு பதிவு சுமார் 150 பைட், ஆக ஒரு சந்தாதாரருக்கு ஒரு நாளைக்கு 5 எம்பி. பத்து லட்சம் சந்தாதாரர் உள்ள நிறுவனத்துக்கு மாதம் 150 டெராபைட். இது பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதையும் வாங்கிப் போட்டுவிடலாம் என்றே வைப்போம். அப்புறம்தான் உண்மையான செலவு தொடங்குகிறது. வருகிற கோரிக்கை ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "203.0.113.7 என்ற முகவரியை 14-ஆம் தேதி இரவு 11:42-க்குப் பயன்படுத்தியவர் யார்?" அவ்வளவே. அந்த 11:42 உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா, அல்லது வேறொரு நாட்டில் இருக்கும் சர்வரின் நேரமா என்று எழுதியிருக்காது. ஒரே முகவரிக்குள் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண் எது என்பதும் இருக்காது. பங்கிடப்பட்ட முகவரியாக இருந்தால் அந்த நிமிடத்தில் அதன் பின்னால் எத்தனையோ குடும்பங்கள் இருந்திருக்கும். இணையத்தளங்கள் தங்கள் சர்வர் பதிவில் வருபவரின் போர்ட் எண்ணையும் நொடி துல்லியமான நேரத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று 2011-லேயே ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. பல தளங்கள் இன்னும் வெறும் முகவரியை மட்டுமே பதிகின்றன. ஆகவே நீங்கள் 150 டெராபைட்டைக் குவித்து வைத்திருந்தாலும், கேட்பவரிடம் போர்ட் எண் இல்லாவிட்டால் பதில் ஒரு பெயராக வராது, ஒரு பட்டியலாகத்தான் வரும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒரு பொறியாளர், கோரிக்கை சட்டப்படி சரிதானா என்று பார்க்க ஒரு வழக்கறிஞர், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வந்து "இது எங்கள் பதிவுதான்" என்று சொல்ல ஒரு ஆள். பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். ஐந்தாறு பேர் நடத்தும் சிறிய நிறுவனத்தில் நெட்வொர்க் பழுது பார்க்கும் அதே ஆள்தான் இதையும் பார்க்க வேண்டும்.

தப்பான பதில் போனால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க்கைப் பார்க்க வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் கொடுத்த மூலப் பதிவுகளைக் காவல்துறை பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றிய மென்பொருளில் பிழை இருந்தது 2019-இல் தெரியவந்தது. சில அழைப்புகள் விடுபட்டுப்போயிருந்தன. கோபுரத்தின் இடம் தவறாக வந்த கோளாறுகளும் பிறகு வெளிவந்தன. இரண்டு மாதம் நீதிமன்றங்களில் செல்போன் பதிவுகளைச் சாட்சியமாக வைப்பதையே நிறுத்திவைத்தார்கள். 10,000-க்கும் அதிகமான வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டிவந்தது. அந்த வழக்குகள் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் இருக்கிறார். பதிவுகளைக் கொடுக்கிற இடத்தில் நம் பெயர் இருக்கிறது என்பதை நிர்வாகக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்தது பணம். ஆஸ்திரேலியாவில் சட்டம் வருவதற்கு முன் அரசே போட்டுப் பார்த்த மதிப்பீட்டில் தொழில்துறைக்கு ஆகும் ஆரம்ப முதலீடு 18.88 கோடி முதல் 31.91 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. அரசு கொடுத்ததோ 13.13 கோடி. மீதி நிறுவனங்களின் தலையில், கடைசியில் சந்தாதாரரின் பில்லில். ஐரோப்பிய உத்தரவு செலவை யார் ஏற்பது என்று சொல்லாமல் ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டுவிட்டது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பொருத்தமான ஒரு பங்கை அரசு தர வேண்டும் என்கிறது. இதில் சிறிய நிறுவனத்துக்கு அடி பலமாக விழும், ஏனென்றால் இந்தச் செலவின் பெரும்பகுதி சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. ஒரு கோடிப் பேர் இருந்தாலும் ஐயாயிரம் பேர் இருந்தாலும் பாதுகாப்பான சேமிப்பகமும் தேடும் கருவியும் சட்ட ஆலோசனையும் வேண்டும்.

பணத்தை விட எரிச்சலூட்டுவது நிலையின்மை. 2006-இல் வந்த ஐரோப்பிய உத்தரவை நம்பி நிறுவனங்கள் வாங்கி வைத்த ஏற்பாடுகளுக்கு என்ன ஆனது? 2010 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அங்குள்ள சட்டத்தை ரத்து செய்து, அதுவரை சேமித்ததை உடனே அழிக்கச் சொன்னது. 2014 ஏப்ரல் 8-இல் ஐரோப்பிய நீதிமன்றம் மூல உத்தரவையே செல்லாது என்றது. ஜெர்மனி 2015-இல் புதிய சட்டம் போட்டது: யார் யாரோடு எப்போது தொடர்பு கொண்டார் என்ற பதிவுகளுக்கு 10 வாரம், இடம் காட்டும் பதிவுகளுக்கு 4 வாரம். ம்யூனிக் நகரத்தின் ஸ்பேஸ்நெட் என்ற இணைய நிறுவனம் வழக்குப் போட்டது. 2017-இல் நடைமுறைக்கு வரும் சமயத்திலேயே அந்தச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, 2022 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பேஸ்நெட் பக்கம் நின்றது. கட்டு, இடி, கட்டு, நிறுத்து. இன்றைக்கு சட்டம் இருக்கிறது என்று வாங்கிப் போடுகிற கருவி அது தேய்ந்துபோகும் முன்பே சட்டவிரோதமாகலாம். பல நாடுகளில் சேவை தருகிறவருக்கு இன்னும் சிக்கல்: ஒரு நாடு வை என்கிறது, இன்னொரு நாடு வைக்கவே கூடாது என்கிறது.

கடைசியாகத் திருட்டு. இல்லாததைத் திருட முடியாது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 2024 ஜூலையில் வெளியிட்ட செய்தி இந்தத் துறையில் எல்லோரும் படிக்க வேண்டியது: 2022 மே முதல் அக்டோபர் வரை அதன் ஏறக்குறைய எல்லா செல்போன் வாடிக்கையாளர்களின் அழைப்பு, குறுஞ்செய்திப் பதிவுகளும் வெளி நிறுவனத்தின் கிளவுட் தளத்திலிருந்து களவுபோயின. பதிவுகளை எவ்வளவு காலத்துக்குச் சேர்த்து வைக்கிறோமோ, ஒரே இரவில் போவதும் அவ்வளவு காலத்துக்கானது. இன்னொருவர் சேமிப்பகத்தில் வாடகைக்கு வைத்தால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும். வேலையை வெளியே கொடுக்கலாம், வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வெளியே கொடுக்க முடியாது. வெளியாரிடம் கொடுப்பதை நான் ஒரு தனி வழியாகவே எண்ணவில்லை.

இரண்டாவது வழிக்கு வருவோம். இங்கே எல்லோருடையதையும் சேர்த்து வைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆள், எண் அல்லது முகவரி குறித்து அதிகாரி கேட்டதும், அப்போது கையில் இருக்கும் பதிவை அழியாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும். நீதிமன்ற ஆணையோ உரிய அனுமதியோ வந்த பிறகுதான் அதைக் கொடுக்க வேண்டும். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 2001-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் இணையக் குற்ற உடன்படிக்கையே இதைத்தான் சொல்கிறது, 90 நாள் வரை நிறுத்திவைக்கலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம் என்று. அமெரிக்கச் சட்டமும் கோரிக்கை வந்தால் 90 நாள், மறுபடி கேட்டால் இன்னொரு 90 நாள் என்கிறது. அங்கே இணைய நிறுவனங்கள் எல்லோருடைய ஐபி பதிவையும் இத்தனை காலம் வைத்தே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. கட்டண அழைப்புகளின் பில் விவரத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் 18 மாதம் வைக்க வேண்டும் என்ற பழைய விதி மட்டும் உண்டு.

நிறுவனத்தின் கண்ணிலிருந்து பார்த்தால் இதன் நன்மை வெளிப்படை. செலவு கோரிக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்தது இல்லை. களவுபோனால் போவது சில நாள் பதிவு. வாடிக்கையாளரிடம் "உங்களைப் பற்றி நாங்கள் தேவைக்கு மேல் எதுவும் வைப்பதில்லை" என்று நேர்மையாகச் சொல்லலாம்.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். அழிந்துபோனதை நிறுத்திவைக்க முடியாது. ஜெர்மனியில் பழுது பார்க்கவும் தாக்குதல்களைக் கண்டுபிடிக்கவும் ஐபி பதிவுகளை 7 நாள் வைப்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த அளவில் வைக்கிற நிறுவனத்திடம் எட்டாவது நாள் வருகிற அதிகாரி வெறுங்கையோடு திரும்புவார். காணாமல்போன ஒருவரைத் தேடும் போது இது எவ்வளவு கனமான விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு விடை எல்லோருடைய இரண்டு வருட வாழ்க்கையையும் சேர்த்து வைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. கோரிக்கை சீக்கிரம் வருவதற்கு வழி செய்வதும், 24 மணி நேரமும் எடுக்கப்படுகிற ஒரு தொடர்பு எண்ணை வைப்பதும், வந்த ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திவைப்பதும் பலன் தரும். இந்த வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கோரிக்கை மின்னஞ்சலை வாரக் கணக்கில் திறக்காமல் வைக்கும் நிறுவனம், சட்டம் கடுமையாக்கப்பட்டால் புகார் சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.

இரண்டுக்கும் இடையில் பிரிட்டன் வழி. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சட்டமாகப் போடாமல், குறிப்பிட்ட நிறுவனத்துக்கு அமைச்சர் அறிவிப்பு அனுப்புவார், அதை நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும், 12 மாதத்துக்கு மேல் வைக்கச் சொல்ல முடியாது. சிறியவர்களுக்கு இது ஆறுதல். அதே பிரிட்டன் 2001-க்குப் பிறகு தானாக முன்வந்து சேமிக்கும் ஏற்பாட்டையும் முயன்றது. நிறுவனங்களுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்காது. கட்டாயம் இல்லாமல் நீங்களே நீண்ட காலம் வைத்தால், தனிநபர் தரவுச் சட்டத்தின் கீழ் "ஏன் வைத்தாய்" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அரசு கேட்டது என்று சொன்னால், ஆணை எங்கே என்பார்கள். தானாக முன்வந்து செய்யச் சொல்லி யார் கேட்டாலும் எழுத்தில் ஆணை கேளுங்கள்.

செயலி நடத்துகிறவர்களுக்கு மட்டும் மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது: பதிவே உருவாகாதபடி வடிவமைப்பது. சிக்னல் செயலியிடம் அமெரிக்காவில் 2016-இல் நீதிமன்றம் வழியாக ஒரு கணக்கின் விவரங்களைக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த தேதியும்தான் அவர்களிடம் கொடுக்க இருந்தன. சட்டத்தை மீறவும் இல்லை, கொடுக்க மறுக்கவும் இல்லை. தொலைபேசி நிறுவனத்தால் இப்படி முடியாது, பில் போடவும் இணைப்புக் கொடுக்கவும் அதற்குப் பதிவு வேண்டும். இந்த வழியும் எல்லா நாட்டிலும் செல்லாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு சர்வர் பதிவுகளை 180 நாளும், விபிஎன் (பயனரின் ஐபி முகவரியை மறைக்கும் சேவை) வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டும் வைக்கச் சொன்னது. எக்ஸ்பிரஸ்விபிஎன் உள்ளிட்ட சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை அந்த நாட்டிலிருந்தே எடுத்துவிட்டன. பெரிய வெளிநாட்டு நிறுவனத்துக்கு அப்படிக் கிளம்புவது எளிது. உள்நாட்டில் பதிவு செய்து, உள்நாட்டு ஆட்களை வைத்துத் தொழில் செய்பவர் எங்கே போவார்?

ஆக யாருக்கு எது? சட்டக் கட்டாயம் இல்லாத நாட்டில் இணையச் சேவை தரும் சிறிய நிறுவனம் என்றால் பழுது, பில், தாக்குதல் தடுப்பு ஆகியவற்றுக்கு உண்மையிலேயே எத்தனை நாள் தேவை என்று பொறியாளரிடம் கேட்டு அதை எழுதி வையுங்கள். அதற்குமேல் ஒரு நாளும் வேண்டாம். கோரிக்கை வந்தால் நிறுத்திவையுங்கள். செயலி நடத்துபவர் பதிவே இல்லாத வடிவமைப்பை முதலில் முயலட்டும். கட்டாயம் இருக்கிற நாட்டில் இருப்பவருக்குத் தேர்வு குறைவு, ஆனால் செய்ய நிறைய இருக்கிறது. முகவரியைப் பங்கிடும்போது ஒவ்வொரு இணைப்பையும் பதியாமல், ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு கட்டு போர்ட்டுகளை ஒதுக்கி அந்த ஒதுக்கீட்டை மட்டும் பதியலாம். ஒரு முகவரியில் 65,536 போர்ட்டுகள். முதல் 1,024-ஐ விட்டுவிட்டு ஆளுக்கு 1,000 என்றால் 64 பேருக்கு ஒரு முகவரி போதும், நாளைக்கு 33,000 வரிகள் இருந்த இடத்தில் சில வரிகள்தான் இருக்கும். சந்தாதாரர் எந்தத் தளத்துக்குப் போனார் என்பதும் உங்கள் பதிவில் வராது. உங்கள் நாட்டு விதி போகிற இடத்தையும் பதியச் சொல்கிறதா என்பதை மட்டும் முதலில் சரிபாருங்கள். அப்படிச் சொல்லாவிட்டால் செலவும் குறைகிறது, வாடிக்கையாளரின் அந்தரங்கமும் மிஞ்சுகிறது; இந்த ஒரு மாற்றத்தை எந்தத் தொழில்துறைக் கூட்டத்திலும் முதலில் பேசுவேன்.

கட்டாயப் பதிவுகளை விற்பனைப் பிரிவும் விளம்பரப் பிரிவும் தொடாத இடத்தில், தனிச் சாவியோடு வையுங்கள். யார் எப்போது திறந்து பார்த்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிர்வாகியே அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். தன் முன்னாள் மனைவி யாரோடு பேசுகிறாள் என்று பார்க்க நினைக்கிற ஊழியரை இது ஒன்றுதான் தடுக்கும். சர்வர்களின் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்று தினமும் சரிபாருங்கள். நேர மண்டலமும் போர்ட் எண்ணும் இல்லாத கோரிக்கையை, அவை வேண்டும் என்று கேட்டு அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். இரண்டும் கேட்டு எழுதிய ஒரு படிவத்தை முன்கூட்டியே தயாராக வைத்தால் இரு பக்கமும் நேரம் மிச்சம். போனில் வருகிற அவசரக் கோரிக்கைக்கு, அந்த எண்ணிலேயே பேசாமல், அந்த அலுவலகத்தின் பொது எண்ணை நீங்களே தேடித் திருப்பி அழைத்துச் சரிபார்த்த பிறகு மட்டும் பதில் கொடுங்கள். காலம் முடிந்ததும் அழிப்பது என்றால் பேக்கப்பிலிருந்தும் சேர்த்து அழிப்பது. நீக்கிவிட்டோம் என்று எழுதிக்கொடுத்த பதிவு, மறந்துபோன ஒரு பேக்கப் டேப்பில் இருந்து எழுந்து வந்தால், வழக்கில் உங்கள் மற்ற பதில்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.